கைக்கெட்டும் அருவி

பலமுரியில் விழுவது அருவியே இல்லை என்பது எங்கள் அத்திம்பேரின் கட்சி. அவர் சொல்வதில் தப்பில்லை. காவிரியின் குறுக்கே பாசனத்துக்காக அந்தக் காலத்தில் எழுப்பிய தடுப்பணை அது. தண்ணீர் அதன் தலையைத் தாண்டி ஓர் ஆறடி இறங்கி, கீழே பாறைகளுக்கு நடுவில் நுரைத்துக்கொண்டு போகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி எடமுரியிலும் இதே காட்சிதான். மைசூரிலிருந்து கிருஷ்ணராஜசாகரம் போகும் பஸ்ஸில் ஏறி, பலமுரி பிரிவில் இறங்கி, கரும்பையும் நெல்வயலையும் ஒட்டி நடந்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தூக்கச் சொல்லி அழாமல் வந்து சேரும். என் பேத்தி இதைக் 'காட்டு நடை' என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்கிறாள். காடு என்றால் ஆற்றங்கரை மருத மரங்களும் புங்க மரங்களும் நாணலும், இடையிடையே தாழம்புதரும். அவளுடைய உயரத்துக்கு அது காடுதான்.

அத்திம்பேர் முக்திநாத் போய் வந்தவர். கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேலே, மூச்சு முட்டும் குளிரில், 108 தாரைகளின் கீழும் ஓடி நனைந்தவர். அவர் என்னைக் கேட்டார்: "கஷ்டப்படாமல் போய், காலை நனைத்து, சுருமுரிப் பொரி தின்று திரும்புவதற்குப் பேர் தீர்த்த யாத்திரையா? அணைக்கட்டில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாயே, வெட்கமாக இல்லையா உனக்கு?"

எனக்கு வெட்கமாக இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். நாங்கள் மண்டயம் ஐயங்கார்கள். தலைமுறை தலைமுறையாகக் கன்னட தேசத்தில் இருந்துகொண்டு வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள். எங்கள் வீடு தென்கலை. அப்பா காலக்ஷேபம் கேட்டவர். கேட்டதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கும் பரிமாறுவார். இதில் நான் சொல்லப்போகும் நல்ல விஷயம் எல்லாம் அந்த வகையில் வந்ததுதான்.

அத்திம்பேர் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எளிதாகக் கிடைப்பதில் புனிதம் இருக்குமா என்பது ஒன்று. மனிதன் கட்டியதில் தெய்வம் இருக்குமா என்பது மற்றொன்று. இரண்டாவது சின்னது. அதை முதலில் தீர்த்துவிடலாம்.

முக்திநாத்தின் 108 தாரைகளையும் இமயமலை தானாக விடவில்லை. ஊற்று நீரைக் கொண்டுவந்து, சுவர் எழுப்பி, மாட்டுத் தலை வடிவில் வாய்கள் வைத்து விழச் செய்தது மனிதக் கை. அதன் கீழே நனைந்தபோது யார் வைத்த வாய் என்று அத்திம்பேர் விசாரிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுக்குப் போடுகிறவர்களும் விசாரிப்பதில்லை. அங்கே மேற்கில் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய மேலணை, காவிரிக்கு இவ்வளவு, கொள்ளிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. கிழக்கே கரிகாலன் பேர் சொல்லும் கல்லணை. ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு போகும் நீர் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாக மனிதன் அளந்து விட்ட நீர். அதற்காக அரங்கனின் ஊருக்கு மதிப்புக் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கதை இன்னும் பழையது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேற்கே ரங்கனதிட்டு என்ற பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அந்தத் தீவுத் திட்டுகள் உலகம் தோன்றிய நாள் முதலாக இருப்பவை என்றுதான் படகில் போகிறவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. 1645 முதல் 1648 வரை மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரிக்குக் குறுக்கே ஒரு கரை போட்டார். நீர் மட்டம் உயர்ந்தது, மேடுகள் திட்டுகளாயின. கூழைக்கடாவும் நாரைகளும் வந்து கூடு கட்டின. பறவை அறிஞர் சாலிம் அலி வந்து பார்த்து எடுத்துச் சொல்ல, 1940இல் அரசு அதைச் சரணாலயமாக்கியது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பாறைகளில் வெயில் காயும் முதலைகளுக்கும், தாழம்புதரில் முட்டையிடும் பறவைகளுக்கும் இது செயற்கையா இயற்கையா என்ற சந்தேகம் வந்ததே இல்லை.

சம்பிரதாயத்திலும் இதற்குப் பதில் உண்டு. கோயில் விக்கிரகத்தைப் பார்த்து இது கல்லா, பஞ்சலோகமா, எந்த ஸ்தபதி வார்த்தது என்று ஆராய்வதைப் பெரியவர்கள் மகா அபசாரம் என்று வைத்தார்கள். பெற்ற தாயின் கற்பைச் சோதிப்பதற்கு அதை ஒப்பிட்டார்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பிரதிஷ்டை ஆகி, ஜனங்கள் வந்து அழுது சிரித்து நிற்கும் இடத்தில் மூலப்பொருளைப் பற்றிய கேள்வி காலாவதியாகிவிடுகிறது. சிமெண்டா, சுண்ணாம்புக் காரையா என்ற கேள்வி எஞ்சினியருக்கு வேண்டும். காவிரியைக் கும்பிடுகிறவளுக்கு வேண்டாம்.

இனி எளிமை. இங்கேதான் அத்திம்பேரோடு எனக்கு உண்மையான சண்டை.

எங்கள் தென்கலை ஆசாரியரான பிள்ளை லோகாசாரியார் தம்முடைய ஸ்ரீவசன பூஷணத்தில் ஓரிடத்தில் பகவானின் ஐந்து நிலைகளையும் தண்ணீரை வைத்தே விளக்குகிறார். தாகத்தால் நா வறண்ட ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தர்யாமியாக உள்ளே இருப்பவன் நிலத்தடி நீர். இருப்பது நிச்சயம், ஆனால் கடப்பாரையும் மண்வெட்டியும் இல்லாதவனுக்குக் கிடையாது. வைகுண்டத்தில் இருப்பவன் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். வியூகநிலை பாற்கடல், பேர் கேட்டிருக்கிறோம், போனவர் யாருமில்லை. ராமனும் கிருஷ்ணனும் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. அன்று கரையில் இருந்தவர்கள் குடித்தார்கள், நாம் வெள்ளம் வடிந்த பிறகு வந்தவர்கள். கோயிலில் நிற்கும் அர்ச்சை? அந்த வெள்ளம் வடிந்தபோது பள்ளங்களில் தேங்கி நின்ற மடு. குனிந்தால் கைக்கு வரும்.

பலமுரிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. ஆனி, ஆடியில் குடகில் மழை பிடித்தால் காவிரி பெருக்காறு. யாரும் கிட்டே போக முடியாது. அந்த வெள்ளத்தை நம்பி நாற்று விட்டால் மண்டியக் குடியானவன் பிழைக்க முடியாது. ஓடுகிற ஆற்றைக் கொஞ்சம் நிறுத்தி, மட்டத்தை உயர்த்தி, பக்கத்தில் நாலை, அதாவது கால்வாய், வெட்டித் திருப்பினால்தான் வயலுக்குத் தண்ணீர். விரிஜா நாலை, சிக்கதேவராயசாகர நாலை, பங்காரதொட்டி நாலை எல்லாம் இப்படி வந்தவை. 1911இல் தொடங்கி 1931வாக்கில் முடிந்த கிருஷ்ணராஜசாகரம் என்கிற கண்ணம்பாடி அணைக்கு முன்னாலேயே இந்தப் பக்கத்தைப் பச்சையாக வைத்திருந்தவை. ஆற்றைத் தடுத்த இடத்தில் மேலே மடு நின்றது. மிஞ்சிய நீர் வழிந்த இடத்தில் அருவி விழுந்தது. பாசனத்துக்குப் போட்ட கட்டில் குழந்தைகளுக்கு விளையாட்டும் கிடைத்தது. லோகாசாரியார் சொன்ன மடு இதைவிட எப்படி இருந்திருக்கும்?

கட்டுண்டு நிற்பது ஆற்றுக்கு இழிவு என்று தோன்றுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. நம்மாழ்வார் திருவாய்மொழியில் முதல் பதிகத்தைப் பரத்துவத்துக்கு, அதாவது எட்டாத உயரத்துக்குக் கொடுத்தார். மூன்றாவதைச் சௌலப்யத்துக்கு, எளிமைக்குக் கொடுத்தார். மேன்மையைப் பாடியபோது அவர் தெளிவாக இருந்தார். கண்ணன் வெண்ணெய் திருடி உரலோடு கட்டுண்டு நின்றதை நினைத்தபோது ஆறு மாதம் மூர்ச்சையாகிக் கிடந்தார் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். ஆழ்வாரை அடித்துப்போட்டது உயரம் இல்லை. ஒரு இடைச்சி கையில் இருந்த தாம்புக்கயிறு. மலையேறித்தான் தெய்வத்தைப் பார்க்க வேண்டும் என்கிற மதம் ஒன்று இருக்கலாம். அது ஆழ்வாருடையது அல்ல.

அத்திம்பேர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. திருமலைக்குப் படியேறிப் போகிறவனின் முழங்கால் வலி அவனுக்குள் எதையோ இளக்குகிறது. பக்கத்தில் கரிகட்டா குன்று இருக்கிறது. காரில் மேலே வரை போகலாம், படியேறியும் போகலாம். மேலே சீனிவாசன் கறுத்த கல்லில் நிற்கிறான். கீழே லோகபாவனி ஆறு காவிரியில் சேர்கிறது. படியேறி வேர்த்துப்போய் நின்றால் மேலே வீசும் காற்று தனி ருசி. ஆனால் அந்த ருசி ஏறினவனைச் சேர்ந்தது. கார்க்காரனுக்கும் படிக்காரனுக்கும் சீனிவாசன் ஒரே ஆள்தான். பட்ட கஷ்டத்தை வைத்துப் பார்த்த தெய்வத்தை எடை போடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. அப்படிப் பார்த்தால் முட்டி தேய்ந்த என் வயசுக்காரிக்கும், நடை பழகும் குழந்தைக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் தெய்வம் இல்லை என்றாகும்.

"சரி, உன் பேத்தி அங்கே என்ன சாமியா கும்பிடுகிறாள்? கூத்தடிக்கிறாள்" என்றார் அத்திம்பேர். வாஸ்தவம். கரையில் மீன் வறுக்கிற வாசனை ஒரு பக்கம். மாங்காய்க் கீற்றுக்கும் வெள்ளரிக்காய்க்கும் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறவர் ஒரு பக்கம். மேல்கோட்டைப் பாணியில் நான் கட்டிக்கொண்டு போகும் புளியோகரையை அவள் தொடுவதில்லை, சுருமுரிதான் வேண்டும். காவிரித் தாய்க்கு ஒரு கும்பிடு போடச் சொன்னால் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறாள்.

இதற்கும் லோகாசாரியாரிடம் இடம் இருக்கிறது. ஜீவனை ஏற்றுக்கொள்ள ஏதாவது ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பகவான் தேடிக்கொண்டே இருக்கிறானாம். அவன் ஊர்ப் பேரை வேறு எதற்கோ சொல்லியிருந்தாலும், அவன் அடியாருக்குத் தெரியாமலேயே தாகம் தீர்த்திருந்தாலும், ஒதுங்க நிழல் கொடுத்திருந்தாலும், அதையெல்லாம் நல்வினையாகக் கணக்கில் எழுதிக்கொள்வானாம். தற்செயலாக விளைந்த புண்ணியம். யாத்ருச்சிகம் என்று அதற்குப் பேர். அப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "மைசூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்குகிற எல்லாரும் ஒரு தடவையாவது ரங்கன் பட்டணம் என்று சொல்லித்தானே ஆகவேண்டும்?" டிக்கெட் கொடுத்த கண்டக்டர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஆழ்வார்கள் பாடாத ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். 108 திவ்ய தேசங்களில் சேராது. ஆனாலும் காவிரி மூன்று தீவுகளை அணைத்துக்கொண்டு போகிறது. மூன்றிலும் ரங்கன் படுத்திருக்கிறான். இதை ஆதிரங்கம் என்றும், சிவனசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், ஸ்ரீரங்கத்தை அந்தியரங்கம் என்றும் கன்னடத்தார் சொல்கிறார்கள். தண்ணீரில் குதித்த குழந்தை கும்பிட்டாளா இல்லையா என்று பார்ப்பது என் வேலை இல்லை. சாக்குத் தேடுகிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னது சுகமான பகுதி. எளிமைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் அரைகுறை.

அர்ச்சையாக நிற்கும் பகவானை அர்ச்சக பராதீனன் என்பார்கள். நீராட்டினால் நீராடுவான், அமுது வைத்தால் உண்பான், கதவைச் சாத்திவிட்டுப் போனால் இருட்டில் நிற்பான். எளிமையாகக் கிடைப்பதற்காக அவன் நம் கையில் மாட்டிக்கொண்டான். இதை ஏட்டில் எழுதிய லோகாசாரியாரே அனுபவத்திலும் பார்க்க நேர்ந்தது. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தபோது, தள்ளாத வயதில் அரங்கனின் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடியவர் அவர். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அந்த வழியிலேயே பரமபதித்தார். நம்பெருமாள் ஊர் ஊராக ஒளிந்து, எங்கள் மேல்கோட்டையிலும் சில காலம் இருந்து, 1371இல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். உலகத்தைக் காப்பவனை நாலு பேர் மூட்டை கட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பரத்துவத்துக்கு இந்த ஆபத்தே கிடையாது.

சிவனசமுத்திரத்தில் ககனசுக்கி அருவியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது பரத்துவம். தூரத்துப் பார்வை மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கலாம், தொட முடியாது. அந்த நீரையும் மனிதன் விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம். திவான் சேஷாத்திரி ஐயர் தொடங்கிவைத்த மின் நிலையம் 1902இல் அந்த நீரைத் திருப்பி, கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. ஆனாலும் அந்தப் பள்ளத்தில் இறங்கி யாரும் ஷாம்பூ போட்டுக் குளிக்க முடியாது. பலமுரியில் முடியும். முடிவதால் செய்கிறார்கள். ஷாம்பூ பாக்கெட், பீங்கான் போல் உடைந்து கிடக்கும் பாட்டில்கள், தட்டு, டம்ளர், டயப்பர். கைக்கு எட்டுகிற ஒன்றுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது.

இதைப் படித்துவிட்டுப் 'பிக்னிக் கும்பல்' மேல் பழியைப் போட்டுவிட வேண்டாம். பக்திமான்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பச்சிமவாகினிக்குப் போய்ப் பாருங்கள். காவிரி மேற்கு நோக்கித் திரும்பும் புனித இடம் என்று அஸ்தி கரைக்க வருகிறோம். அஸ்தியோடு பானை, பிளாஸ்டிக் பை, இறந்தவரின் வேட்டி, புடவை, மாலை எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சாஸ்திரமாம். நீரில் எச்சில் துப்பாதே, அசுத்தம் கலக்காதே என்பதும் சாஸ்திரம்தான், மனுஸ்மிருதியிலேயே இருக்கிறது. அது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பலமுரியில் கும்மாளம் போடுகிற காலேஜ் பையனைவிட மந்திரம் சொல்லிக்கொண்டு பையை வீசுகிற நம் ஆள் பெரிய குற்றவாளி என்பது என் தீர்ப்பு. அந்தப் பையனுக்கு அது வெறும் தண்ணீர். நமக்குத் தாய் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பலமுரியில் வழிந்த நீர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்கொண்டு, திருமகூடல் நரசிப்பூரில் கபினியைச் சேர்த்துக்கொண்டு, சிவனசமுத்திரத்தில் விழுந்து, பிலிகுண்டுலுவில் இரண்டு மாநிலங்களும் கணக்கெழுத, மேட்டூருக்குள் போகிறது. மண்டியத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவள் இந்தக் கணக்கைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை, பேசாமலிருக்கப் பழகிவிட்டோம். ஒன்று மட்டும் சொல்வேன். இங்கே நாங்கள் எறிந்த பையும் அதே தண்ணீரில்தான் வருகிறது. எத்தனை டி.எம்.சி. என்று எண்ணுகிறவர்கள் அதை எண்ணுவதில்லை.

சௌலப்யம் என்றால் சும்மா கிடைத்தது என்று நாம் புரிந்துகொண்டுவிட்டோம். உண்மையில் அது நம் மேல் வைத்த நம்பிக்கை. முக்திநாத்தில் மலையும் குளிரும் சேர்ந்து காவல் காக்கின்றன. ஆறடி அருவிக்கு வந்துபோகிறவர்களே காவல். அத்திம்பேரின் யாத்திரையில் கஷ்டம் வழியில் இருந்தது. பலமுரி யாத்திரையில் போய்ச் சேர்ந்த பிறகு இருக்கிறது. குப்பையை வீடு வரை சுமந்து வருவது முழங்காலுக்கு வலிக்காது, ஆனால் பத்துப் பேர் முன்னால் அடுத்தவன் போட்ட பாட்டிலைக் குனிந்து பொறுக்குவது மானத்துக்கு வலிக்கும். தவம் வேண்டுமென்றால் அங்கே செய்யலாம் என்று அவரிடமே சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆடி ஆவணியில் போகாதீர்கள். கண்ணம்பாடி அணையில் மதகு திறந்தால் நீர் சட்டென்று ஏறும். அந்த நாட்களில் பலமுரிக்கும் எடமுரிக்கும் போகத் தடை போடுகிறார்கள், போலீஸ்காரரிடம் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். மழை ஓய்ந்து தை மாசி வரை நல்ல காலம். நீர் அமைதியாக இருக்கும்போதும் அணையை ஒட்டி அடிவாரத்தில் நிற்க விடாதீர்கள். மேலிருந்து விழும் நீர் அடியில் போய், மேல்மட்டத்து நீரை மறுபடி சுவர்ப் பக்கமே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. மாணவர்கள் மூழ்கிப்போன செய்தி அடிக்கடி வருவது அந்த இடத்தில்தான். பாசி பிடித்த மேல் விளிம்பில் நடந்து படம் எடுக்க வேண்டாம். கணுக்கால் ஆழம், கையில் ஒரு குழந்தை, தோளில் ஒரு காலிப் பை: இவ்வளவு போதும். பையை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். பலமுரி பிரிவில் மைசூருக்கு பஸ் கிடைக்கும்.